சளி பிடித்த பாட்டும் ராணி வேடமும்

டிவி பாட்டுப் போட்டியில் நான் தோற்றது ஊருக்குத் தெரிவதற்கு ஒரு மாதம் முன்பே எனக்கும் அம்மாவுக்கும் தெரியும். அந்த ஒரு மாதம் நாங்கள் இருவரும் பட்ட பாட்டை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது.

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. அறந்தாங்கியில் ஒரு ஜவுளிக்கடையில் சுடிதார் பிரிவில் நின்றுகொண்டிருந்தேன். அப்பா துபாயில் இருந்தார். திருச்சியில் ஒரு கல்யாண மண்டபத்தில் போட்டிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடையில் வயிற்றுவலி என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். அங்கே யாரையும் முழுப் பாட்டு பாட விடவில்லை. பல்லவி முடிந்து மூச்சு வாங்குவதற்குள் ‘அடுத்தது’ என்றார்கள். என்னை மட்டும் ஏனோ சரணம் வரைக்கும் விட்டார்கள். அப்புறம் சென்னை. வாரத்துக்கு ஒருவராகக் கழிந்து கடைசியில் ஏழு பேர் மிஞ்சியபோது நானும் அதில் இருந்தேன். அந்த வாரம் ஒரு வேகப் பாட்டில் இரண்டாவது சரணத்தை முதலில் பாடிவிட்டேன். நடுவர்கள் வருத்தமாக முகத்தை வைத்துக்கொண்டு என்னை அனுப்பிவிட்டார்கள்.

அந்த நிகழ்ச்சியை முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டு பிறகுதான் ஒளிபரப்புவார்கள். அதுவரை யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று கையெழுத்து வாங்கியிருந்தார்கள். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், எதிரே என் முகம் லாரி அளவுக்குத் தொங்குகிறது. ‘எங்கள் தெருவின் குயிலே, வென்று வா!’ என்று எங்கள் தெருப் பையன்கள் அன்று காலையில்தான் ஃபிளெக்ஸ் கட்டியிருந்தார்கள். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு ஆட்டோவுக்குள் புகுந்துவிட்டேன்.

அம்மாவிடம் மட்டும் உண்மையைச் சொன்னேன். அவளுக்குப் பொய் சொல்ல வராது. ஆனால் கேள்விக்கு வெளியே நின்று பதில் சொல்வதில் கெட்டிக்காரி. பால் ஊற்றுகிற அக்கா தினமும் வாசலில் நின்று கேட்பார்.

“ஃபைனலுக்கு பாப்பாவுக்கு என்ன சேலை எடுத்தீங்க?”

“இன்னும் எடுக்கலக்கா.”

“கப்பு வாங்கிட்டு வந்தா எங்கிட்டு வைப்பீங்க? ஷோகேஸ் இல்லியே?”

“அதான் நானும் பாக்குறேன். எடமே இல்ல.”

உள்ளே நான் தலையணையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரிப்பேன்.

ஒளிபரப்பான அன்று எங்கள் வீட்டு ஹாலில் தெருவே உட்கார்ந்திருந்தது. டிவிக்குள் நான் மேடையை விட்டு இறங்கியதும் பால்கார அக்கா ஓவென்று அழுதுவிட்டார். அம்மாவும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லோரும் போன பிறகு, “நடிச்சியா, நெசமா அழுதியா?” என்று கேட்டேன்.

“எனக்கே தெரியலடி. டிவில பாக்கயில புதுசா நடந்த மாதிரி இருந்துச்சு.”

அப்பா துபாயிலிருந்து போன் செய்தார். “அந்த நீலச் சேலை ஒனக்கு நல்லா எடுப்பா இருந்துச்சும்மா” என்று மட்டும் சொன்னார்.

இரண்டு மாதம் கழித்து சென்னையிலிருந்து ஓர் இசையமைப்பாளர் கூப்பிட்டார். சினிமாப் பாட்டு இல்லை. யூடியூபில் தனியாக வெளியிடும் பாப் பாட்டு. ஏசி பஸ்ஸில் போர்வை கிடைக்காமல் விறைத்துப்போய் விடியற்காலையில் போய் இறங்கினேன். மூக்கு முழுக்க அடைத்துவிட்டது. ஸ்டுடியோ என்றால் ஒரு படுக்கையறை, சுவரெல்லாம் மெத்தை. என் கதி இதோடு முடிந்தது என்று நினைத்துக்கொண்டே பாடினேன். அவரோ ஹெட்போனைக் கழற்றிவிட்டு, “இந்தக் குரலைத்தாங்க தேடிட்டிருந்தேன்” என்றார்.

பாட்டு ஓடியது. ஆளாளுக்கு அதைப் போட்டு ரீல்ஸ் எடுத்தார்கள். ஒருநாள் புதுக்கோட்டை பஸ்ஸில் எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்த கல்லூரிப் பெண் போனில் அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “பாட்டு எப்படிம்மா இருக்கு?” என்று கேட்டேன்.

“சூப்பர்க்கா. ஆனா பாடுன அக்காவுக்கு மூக்குல என்னமோ பிரச்சினை. பாவம்.”

அடுத்த பாட்டுக்குக் கூப்பிட்டபோது இசையமைப்பாளர் தயங்கித் தயங்கி, “முடிஞ்சா அந்தச் சளியோட வாங்க” என்றார். நான் மூன்று நாள் ஐஸ்கிரீம் தின்றேன். தலைக்குக் குளித்து, ஈரத்தோடு ஃபேனுக்கு நேராகப் படுத்தேன். ஒரு தும்மல்கூட வரவில்லை. சுத்தமான குரலில் பாடிய அந்தப் பாட்டை யாரும் சீந்தவில்லை. மூன்றாவது பாட்டுக்கும் அதே கதிதான். கல்யாண ரிசப்ஷன்களில் மட்டும் கச்சேரிக்குக் கூப்பிட்டார்கள். எங்கே போனாலும் அந்த ஒரே பாட்டு. மூக்கை உள்ளுக்குள் இறுக்கிக்கொண்டு பாடுவேன். எதிரே பாதிப் பேர் பந்திக்கு எழுந்து போய்க்கொண்டிருப்பார்கள். ஒரு கட்டத்தில் எனக்கே அந்தப் பாட்டு அலுத்துவிட்டது.

அப்போதுதான் புதுக்கோட்டையிலிருந்து ஒரு நாடக ஏஜென்ட் போன் செய்தார். எங்கள் மாவட்டத்தில் கோயில் திருவிழா என்றால் இசை நாடகம் இல்லாமல் இருக்காது. ஆர்மோனியமும் மிருதங்கமும் வைத்துக்கொண்டு பாட்டும் பேச்சுமாக நடக்கும். கதாநாயகன் ராஜபார்ட், கதாநாயகி ஸ்திரீபார்ட், சிரிக்க வைக்க பபூன். “நோட்டீஸ்ல ‘டிவி புகழ்’னு போட்டா கூட்டம் வரும்மா. நாலு பாட்டுத்தான். ராணி வேஷம். வாரீங்களா?” என்று கேட்டார். நாலு பாட்டுத்தானே என்று ஒப்புக்கொண்டேன். ஆர்மோனியக்காரர் வீட்டுக்குப் போய் நாலையும் பாடம் பண்ணினேன்.

திருவரங்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம் என்று ஊர்ப் பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஆறரை மணிக்கே நாடகத்தை ஆரம்பித்துவிட்டார்கள். இன்னும் வெளிச்சம் முழுசாகப் போகவில்லை. முன்வரிசையில் ஆத்தாமார்கள் பாயை விரித்து வெற்றிலைப் பையோடு உட்கார்ந்திருந்தது நன்றாகத் தெரிந்தது. வேட்டைக்கு வந்த ராஜா வழி தவறி ராணியின் தோட்டத்துக்குள் நுழைந்துவிடுகிறார். வெளியே போ என்கிறாள் ராணி, போகமாட்டேன் என்கிறார் ராஜா. இதுதான் கதை. முதல் பாட்டைப் பாடினேன், கைதட்டினார்கள். ராஜா வந்தார். அடுத்த பாட்டுக்கு நான் தயாராக நிற்க, அவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தார்.

“பெண்ணே, இந்தத் தோட்டத்துக்கு நீதான் ராணியோ?”

“ஆமாம்.”

“யாரு ஓட்டுப் போட்டு ராணி ஆன? டிவில பாடப் போயி ஏழாவது எடத்துலயே எறக்கி விட்டுட்டாங்களாமே! அங்கிட்டு வேலைக்காகாதுன்னு இங்கிட்டு வந்துட்டியா?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. இப்படியெல்லாம் கேட்பார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எழுதிய வசனம் எதுவும் இல்லை என்பதே அப்போதுதான் உறைத்தது. ஆர்மோனியக்காரர் காப்பாற்ற நினைத்து சுருதி கொடுத்தார். பாடத்தான் வாயைத் திறந்தேன். பேச்சுதான் வந்தது.

“ஆமா ராஜா. என்னைய எறக்கி விட மூணு நடுவரு, பத்து கேமரா, பெரிய செட்டு எல்லாம் தேவப்பட்டுச்சு. ஒங்கள எறக்கி விட, அந்தா உக்காந்திருக்காரு பாருங்க மைக்செட்டு அண்ணன், அவரு ஒருத்தரு போதும்!”

ராஜா பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தமே வரவில்லை. மைக்செட்காரர் நிஜமாகவே அவருடைய மைக்கை அமத்திவிட்டார். ராஜா கத்துகிறார், வாய் மட்டும் அசைகிறது. பபூன் ஓடிவந்து அவர் நெஞ்சில் காதை வைத்துப் பார்த்துவிட்டு, “உசுரு இருக்கு, சவுண்டு மட்டுந்தான் போயிருச்சு” என்றார். வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஆத்தா ஒருவர் சிரித்த சிரிப்பில் புரையேறி, பக்கத்திலிருந்தவர் தலையில் தட்டினார். டிவியில் கைதட்டச் சொல்லி ஒருவர் சைகை காட்டுவார். இங்கே யாரும் காட்டவில்லை.

நாடகம் முடிந்து ராஜா கிரீடத்தைக் கழற்றிக்கொண்டே வந்தார். கோபமாக இருப்பாரோ என்று பயந்தேன். “பாட்டுக்குத்தாம்மா ஒங்கள கூப்பிட்டோம். இப்பிடிப் பேசுவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் வேற ஊரப் பாத்துப் போயிருப்பேன். நாளைக்கு கறம்பக்குடில இருக்கு, வந்துருங்க” என்றார்.

போனேன். அந்தத் திருவிழாக் காலம் முழுக்கப் போனேன். ஜவுளிக்கடையில் வேலைக்கு முழுக்குப் போட்டேன். மைக்செட்காரர் அநேகமாக எல்லா ஊருக்கும் வந்தார். ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால், “சவுண்டு போதுங்களா?” என்று என்னிடம் வந்து கேட்பார். ராஜாவிடம் ஒருநாளும் கேட்டதில்லை. இதை முதலில் கவனித்தது பபூன்தான். அடுத்த வருடம் மைக்செட்காரர் வீட்டிலிருந்து என்னைப் பெண் கேட்டு வந்தார்கள். அம்மா காப்பியை வைத்துவிட்டு, “மாப்பிள்ளைக்கு என்ன தொழில்?” என்று தெரிந்துகொண்டே கேட்டாள்.

“மைக்செட்டுங்க.”

“அப்ப இவ பேசுறது புடிக்கலன்னா அமத்திருவீங்களா?”

“அதுக்கு சுவிட்சு இல்லீங்க அத்தே” என்றார் மாப்பிள்ளை. அம்மாவுக்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கல்யாணம் நடந்தது. மேடையில் எல்லோர் முன்னாலும் அவரை அண்ணன் என்று கூப்பிட்டதற்கு மட்டும் பபூன் இன்றுவரை என்னை விடவில்லை. எந்த ஊர் நாடகமானாலும் அதை ஒரு தடவை இழுத்துவிடுவார்.

இப்போது பங்குனியிலிருந்து ஆடி வரை நான் வீட்டில் தங்குவதே அபூர்வம். மற்ற மாதங்களில் பாப் பாட்டும் பாடுகிறேன்; வருடத்துக்கு ஒன்றிரண்டு வெளியாகின்றன, சுமாராக ஓடுகின்றன. நாடகத்துக்குப் போகும் வேனில்தான் எங்களுக்கு உண்மையான ஒத்திகை. போன வாரம் ஆலங்குடி தாண்டும்போது, புது ராணி வேடத்தில் ராஜாவை மடக்க நான் ஒரு கேள்வி யோசித்துச் சொன்னேன். பின்சீட்டில் தூங்குவதாக நாங்கள் நினைத்திருந்த மிருதங்கக்காரர் கண்ணைத் திறக்காமலே அதற்குப் பதில் சொன்னார். மேடையில் எனக்கே திருப்பிச் சொல்ல, ராஜா உடனே நோட்டை எடுத்து அதை எழுதிக்கொண்டார். அது நியாயமில்லை என்று நான் சண்டை பிடித்தேன். ஊர் வந்து வேன் நின்ற பிறகும் சண்டை ஓயாமல் நாங்கள் இறங்கவில்லை.