முடியாத பாவு

கொட்டிலில் நாலு தறிகள் ஒன்றாக ஓடும். பக்கத்தில் நிற்பவர் பேசினாலே காதில் விழாது. அவ்வளவு இரைச்சலுக்குள்ளும் என் தறி நின்றால் மட்டும் மாமிக்குத் தெரிந்துவிடும். குசினியில் மீன் அறுத்துக்கொண்டிருந்தாலும் ஈரக் கையோடு கொட்டில் வாசலுக்கு வந்து நிற்பார்.

"ஏன் புள்ள நிப்பாட்டின?"

காரணம் ஒன்று சொல்லியாக வேண்டும். நூல் அறுந்தது, குறுக்கே ஓடும் நாடாவில் நூல் தீர்ந்தது, தாகம் எடுத்தது. ஒரு தடவை, சும்மா நிறுத்தினேன் என்று சொல்லிப் பார்த்தேன். "சும்மா எண்டா என்ன? மனசு எங்க போச்சி?" என்று கேட்டுவிட்டு, நான் மறுபடி மிதியில் கால் வைக்கும் வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். மற்ற மூன்று பெண்களும் நினைத்தபோது தறியை நிறுத்தி வெற்றிலை போட்டார்கள், ஊர்க்கதை கதைத்தார்கள். அவர்களை அவர் ஒன்றும் கேட்டதில்லை.

அவர் எனக்கு உறவு மாமி இல்லை. மருதமுனையில் தறிகள் வைத்திருந்த விதவை, பிள்ளைகள் இல்லாதவர். சூறாவளியில் வாப்பாவின் தோணி உடைந்து போன பிறகு நான் அவரிடம் ஆண்கள் உடுத்தும் சாரன் நெய்யப் போனேன். ஆரம்பத்தில் அந்தக் கவனிப்பு எனக்கு இனித்தது. மற்றவர்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்த சோற்றைக் கொட்டிலில் இருந்து தின்ன, என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டுத் தன்னோடு ஒரே சஹன் தட்டில் தின்ன உட்காரவைப்பார். மீனில் நல்ல துண்டாகப் பார்த்து, முள் எடுத்து, என் பக்கம் தள்ளுவார். அந்தத் துண்டைத் தின்னாமல் எழும்ப முடியாது என்பது பிறகுதான் புரிந்தது. தலைக்கு எந்த எண்ணெய் வைப்பது, பெருநாளைக்கு என்ன நிறத்தில் உடுப்புத் தைப்பது, வீட்டுக்கு எந்த ஒழுங்கையால் போவது, எல்லாவற்றையும் அவரே சொன்னார். ஒரு பெருநாளைக்கு உம்மா எடுத்துத் தந்த உடுப்பைப் போட்டுக்கொண்டு போய் நின்றேன். அதற்குப் பிறகு பல நாட்கள் மாமி என்னோடு கதைக்கவில்லை. ஆனால் தறி நின்றால் வாசலுக்கு வந்தார். கேள்வி கேட்காமல் நின்றார். அது இன்னும் மோசமாக இருந்தது.

இப்படி இருக்கையில் உம்மாவின் தம்பி பழைய தறி ஒன்றைக் கொண்டுவந்து எங்கள் முற்றத்தில், ஓலைப் பந்தலின் கீழ் பூட்டித் தந்தார். அதன் பலகையில் உட்கார்ந்து வெறும் மிதியை மிதித்துப் பார்த்தேன். நான் நினைத்தால் ஓடும், நினைத்தால் நிற்கும் தறி. எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை.

அடுத்த நாளே மாமியிடம் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை.

"அதுக்கென்ன புள்ள. தறியில கிடக்கிற பாவு முடியட்டும்."

நியாயமான பேச்சுத்தான். தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவு நூல் தீருமுன் பாதியில் இறங்குவது எங்களிடையே கேவலம். ஒருத்தி அடித்த நெசவில் இன்னொருத்தி கை வைத்தால் துணி காட்டிக்கொடுத்துவிடும். அப்படி இறங்கியவளை நம்பிக் கல்முனைக் கடைக்காரர் எவரும் நூல் கொடுக்கமாட்டார். ஆகவே காத்திருந்தேன்.

பாவு முடியவேயில்லை. ஒரு பாவு தீரப்போகும்போது கடைசி ஒரு முழத்தை நெய்யாமல் விட்டு, புதுப் பாவின் இழைகளை அந்தப் பழைய நுனிகளோடு ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள். அப்படிச் செய்தால் இழைகளை மறுபடி தறியில் முதலிலிருந்து கோக்கும் பாடு இல்லை. ஆனால் நெய்பவளைக் கேட்டுத்தான் பிணைப்பார்கள். மாமி கேட்கவில்லை. விடியற்காலையில் சுபஹு தொழுத கையோடு தானே உட்கார்ந்து பிணைத்துவிட்டார். நான் காலையில் போனபோது என் தறியில் புதுப் பாவு கிடந்தது.

"பாவு முடியட்டும் எண்டுதானே சொன்னீங்க மாமி?"

"முடியல்லயே புள்ள. இந்தா, கிடக்குத்தானே" என்று பாவைத் தடவிக் காட்டினார்.

அடுத்த பாவும் அப்படித்தான். அதற்கடுத்ததும் அப்படித்தான். முற்றத்துத் தறியில் சிலந்தி கூடு கட்டியது. உம்மா என்னைத்தான் சமாதானப்படுத்தினார். "அவ ஒன்னில உசிரையே வெச்சிரிக்கா. கொஞ்சம் பொறுமையா இரு மகள்." உயிரை வைப்பதென்றால் கழுத்தில் கயிறு போடுவதா என்று நான் உம்மாவோடு சண்டை பிடித்தேன். இந்தப் பாவோடு சரி என்று அன்றே முடிவெடுத்தேன்.

அந்தப் பாவு தீரும் தறுவாயில் அட்டாளைச்சேனையில் ஒரு கலியாணம் வந்தது. மாமி போகாமல் இருக்க முடியாத சொந்தம். புறப்படுமுன் என் தறியடிக்கு வந்தார்.

"ஒரு முழம் மிச்சம் வெச்சிட்டு நிப்பாட்டு. நான் பின்னேரம் அசருக்கு வந்து பிணைக்கிறன்."

"ஓம் மாமி" என்றேன். அந்தப் பொய்க்காக நான் இன்றுவரை வருந்தியதில்லை.

மத்தியானம் தாண்டி அந்த ஒரு முழம் வந்தது. நான் நிறுத்தவில்லை. பக்கத்துத் தறிக்காரி எட்டிப் பார்த்தாள்.

"என்ன புள்ள செய்யிறாய்?"

"பாவ முடிக்கிறன்."

மற்றத் தறிகள் ஒவ்வொன்றாக நின்றன. என்னுடையது மட்டும் ஓடியது. இனி நாடா போக இடமில்லை என்னும் வரை நெய்தேன். துணியை அறுத்து மடித்து வைத்தேன். பிறகு தறியில் மிஞ்சிக் கிடந்த நுனிகளை ஒன்றுவிடாமல் உருவி எடுத்தேன். இனிப் பிணைப்பதற்கு அங்கே ஒரு நுனியும் இல்லை.

அப்படியே வீட்டுக்கு ஓடியிருக்கலாம். நான் பலகையிலேயே இருந்தேன்.

மாமி கலியாண வீட்டு உடுப்போடு வந்தார். கையில் எனக்கென்று கட்டிக்கொண்டு வந்த தொதல் இனிப்பு இருந்தது. வெறும் தறியைப் பார்த்தார். கிட்ட வந்து, இழை கிடந்த இடத்தை விரலால் தடவினார்.

"யாரக் கேட்டு உருவின?"

"பாவு முடிஞ்சிட்டு மாமி."

"ஒன்ன நான் மகள் மாதிரி வெச்சிருந்தன்."

"நம்மட ஊருல மகள் கலியாணத்துக்கு வீட்டையே குடுத்திட்டு உம்மாமார் ஒதுங்கி இருப்பாங்க மாமி. நீங்க எனக்கு ஒரு முழம் நூல விடல்ல."

அவர் தொதலை என் கையில் திணிக்கப் பார்த்தார். நான் வாங்கவில்லை. போயிட்டு வாறன் என்று சொல்லிவிட்டு எழும்புவதுதான் முறை. நான் "போறன்" என்று சொல்லிவிட்டு எழும்பினேன்.

முற்றத்தில் என் தறி ஓடத் தொடங்கிய பிறகு ஒரு பகல், வேலிக்கு அப்பால் அவருடைய முக்காடு தெரிந்தது. உள்ளே வரவில்லை. தறிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு வெயிலில் நின்றார். எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது, மறுபக்கம் பழைய ஆத்திரம் பொங்கியது. நூல் அறுந்திருக்கவில்லை. நாடா நிறைய நூல் இருந்தது. வேண்டுமென்றே தறியை நிறுத்தினேன்.

"ஏன் புள்ள நிப்பாட்டின?"

"சும்மா, மாமி."

அவர் போகவில்லை. நான் பக்கத்தில் வைத்திருந்த தேத்தண்ணியை எடுத்து ஆறுதலாகக் குடித்தேன். குடித்து முடித்த பிறகும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். பிறகு, எனக்குத் தோன்றியபோது நெய்யத் தொடங்கினேன்.