பங்குனி ஆற்றில் ஒரு விரால்

கல்யாணமாகி நான் உத்தமபாளையத்துக்கு வந்தது தொண்ணூறுகளின் கடைசியில். நான் பிறந்த ஊரில் ஆறு என்றால் வெறும் மணல்தான். இங்கே கணவர் வீட்டுத் தென்னந்தோப்பின் கடைசி வரிசை மரங்கள் முல்லையாற்றின் மேலேயே சாய்ந்து நின்றன.

அந்தப் பங்குனியில் கணவரின் அக்கா, என் மதினி, பிறந்த வீட்டில் இருந்தார். கம்பத்தில் வாழ்க்கைப்பட்டவர். ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே தவறிப்போக, என் மாமியார் போய் அழைத்து வந்திருந்தார். மதினி அழவில்லை; பேசவுமில்லை. சாப்பிடச் சொன்னால் சாப்பிடுவார், படுக்கச் சொன்னால் படுப்பார். என்ன சொல்லித் தேற்றுவதென்று தெரியாமல், அவர் எதிரே வந்தாலே நான் எதையாவது துடைக்கத் தொடங்கிவிடுவேன்.

ஒரு காலை அவரே அடுப்படி வாசலில் வந்து நின்றார். கையில் மூங்கில் தூண்டில்.

"ஆத்துக்கு வாரியா?"

நான் மாமியாரைப் பார்த்தேன். போ என்று கண்ணாலேயே சொன்னார்.

ஆற்றில் தண்ணீர் இறங்கி, பாறைகளுக்கு நடுவே மடுமடுவாகத் தேங்கியிருந்தது. கோம்பைப் பக்கம் இலவங்காய் வெடிக்கிற காலம். பஞ்சு எங்கிருந்தோ மிதந்து வந்து, சத்தமில்லாமல் தண்ணீரில் உட்கார்ந்தது. வெயில் மூட்டத்தில் மலைகள் இருப்பதும் இல்லாததுமாகத் தெரிந்தன. எது தூண்டில் தக்கை, எது பஞ்சு என்று பார்த்துக்கொண்டே இருந்ததில் எனக்குக் கண் சொருகியது. நான் அமர்ந்திருந்த பாறையும் மெல்ல நகர்வதுபோல் இருந்தது.

"யாரு மதினி இதப் பழக்குனது?"

"அத்தாதான்" என்று தன் அப்பாவைச் சொன்னார். "தம்பி பொறக்குற வரைக்கும் என்னையத்தான் கூட்டிட்டு வருவாக." தூண்டிலைச் சற்றே தூக்கிப் பார்த்து, "பேசாத. மீனு கலைஞ்சிரும்."

கெண்டைகள் புழுவைத் தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருந்தன. அவர் அவசரமில்லாமல் வேறு புழுவைக் கோத்தார். நேரம் என்ற ஒன்று கரையிலேயே நின்றுவிட்டது.

திடீரென்று தக்கையைக் காணோம். மூங்கில் வில்லாக வளைந்தது.

"ஏத்தா, விராலு! பிடி, பிடி!"

நான் எழுவதற்குள் அவர் பாறையில் வழுக்கி நீரில் விழுந்தார். நீச்சல் தெரியாத நானும் பின்னாலேயே குதித்தேன். நல்லவேளை, இடுப்பளவுதான். அவர் முந்தானையை விரித்து, மீனைப் பாறையோடு சேர்த்து அமுக்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். கை நீளத்துக்கு விரால். அது வாலால் என் முகத்தில் அறைந்தது. மதினி சிரித்தார். சிரிப்பு நிற்கவேயில்லை, அப்படியே அழுகையாக மாறியது. துள்ளும் மீனோடு சேர்த்து அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றேன். எங்கள் ஈரத் தலைகளில் பஞ்சு வந்து ஒட்டியது.

தோப்பு வழியாகத் திரும்பும்போது அவரே பேசினார்.

"பொம்பளப் புள்ளயாம். எனக்குக் காட்டல. நான் பேரு கூட வச்சிருந்தேன்."

"என்ன பேரு மதினி?"

என் காதில் மட்டும் சொன்னார்.

"அழகா இருக்கு."

"ஆமால்ல?" என்றார்.

"என்னங்கடி இது கோலம்!" என்று வந்த மாமியார், மகளின் முகத்தைப் பார்த்ததும் சத்தமில்லாமல் மீனை வாங்கிக்கொண்டார். மாங்காய் போட்டுக் குழம்பு வைத்தார். மதினி இன்னும் கொஞ்சம் சோறு கேட்டு வாங்கினார். மாமியார் உப்பு எடுக்கப் போகிறவர்போல உள்ளே போய்விட்டார்.

ஆனியில் மதினியின் கணவர் வந்து அவரை அழைத்துப் போனார். பஸ் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்த மதினி, கண்டக்டர் விசில் அடித்த பிறகும் விடவில்லை.