தின்னர் போட்டுத் துடைத்த என்ஜின்

ஆயுத பூஜை அன்று மத்தியானம் பட்டறையில் அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், சித்தப்பாவுடன் பெயிண்ட் அடிக்கும் இரண்டு பேர் இருந்தார்கள். பொரியும் பூவும் எடுத்துக்கொண்டு அம்மா வந்திருந்தாள். வேலை முடிந்த தன் லாரியை எடுத்துப்போக வந்த ராசிபுரத்து ஓனர் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் இல்லை. விடுதியில் தங்கிப் படிக்கும் என் தங்கையும் இல்லை. அந்த வண்டியைத் தொட்டால் என்ன ஆகும் என்று எங்கள் குடும்பத்தில் தெரிந்தவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான்.

வண்டி என்று நான் சொல்வது லாரியை அல்ல. என் முழங்கை நீளத்துக்கு ஒரு நீராவி ரயில் என்ஜின். பெட்டியில் பிளாஸ்டிக் துண்டுகளாக வரும். வெட்டி, ஒட்டி, பெயிண்ட் அடித்து நாமே முழு என்ஜினாக்க வேண்டும்.

எங்களுடையது நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் சின்னப் பட்டறை. அப்பா வெல்டிங், சித்தப்பா பெயிண்ட். இருவரும் பள்ளிக்கூடம் போனதில்லை. என்னைப் பெரிய விடுதிப் பள்ளியில் சேர்த்தார்கள், பிறகு மெக்கானிக்கல் என்ஜினீயரிங். படித்து முடித்துவிட்டுப் பட்டறை ஆபீஸில் கொட்டேஷன் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் பெங்களூரில் ஒரு கம்பெனிக்கு ஆள் வேண்டும் என்று தெரிந்தது. அருங்காட்சியகங்களுக்குச் சிறிய மாதிரிகள் செய்து கொடுக்கிறவர்கள். மார்க் ஷீட் அவர்களுக்கு இரண்டாம்பட்சம். சொந்தக் கையால் செய்து முடித்த ஒரு மாதிரியைக் குறித்த நாளில் கொண்டுவந்து மேஜை மேல் வைக்க வேண்டும். போட்டோ செல்லாது. குறித்த நாள், ஆயுத பூஜை கழிந்து இரண்டாம் நாள்.

மழைக்கு முன்னால் ஆரம்பித்த வேலை அது. ஆபீஸ் மேஜையில் ஒரு பக்கம் கம்ப்யூட்டர், மறுபக்கம் என்ஜின். துண்டுகளைச் சட்டத்திலிருந்து வெட்டி, வெட்டிய இடத்தின் பிசிரை உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கொதிகலனின் மேல் கடுகைவிடச் சின்னதாக ஆணித் தலைகள் வரிசையாக இருக்கும். உப்புத்தாள் ஒருமுறை தவறிப் பட்டால் ஒன்று போய்விடும். கைப்பிடிக் கம்பிகளுக்குப் பித்தளைக் கம்பி வளைத்தேன். சக்கரங்களை இணைக்கும் தண்டுகள் மாட்டினேன். தள்ளினால் எல்லாம் சேர்ந்து ஏறி இறங்கும். அதைப் பார்க்க மட்டும் சித்தப்பா ஆபீஸுக்குள் வருவார். ஒரு விரலால் தள்ளிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டிக்கொண்டு போவார்.

ஒட்டுவதைவிடப் பெயிண்ட் பெரிய வேலை. கடையில் வாங்கிய கறுப்பை அப்படியே அடித்தால் அது பொம்மை. ஓடிய என்ஜின் அப்படி இருக்காது. புகைபோக்கியைச் சுற்றிச் சூட்டில் கறுப்பு வெளிறி இருக்கும், சக்கரத்துக்கு மேல் துரு இறங்கியிருக்கும், தண்ணீர் கசியும் இடங்களில் உப்பு வெள்ளையாக வழிந்து காய்ந்திருக்கும். அந்த வெள்ளைக்கு எங்கள் வீட்டு போர்வெல் தண்ணீர் பிடித்து வைக்கும் குடத்தைத்தான் பார்த்து அடித்தேன். தங்கை லீவில் வந்தபோது சாக்பீஸைப் பொடி செய்து, துருவின் நிறம் வரும்வரை கலந்து கொடுத்தாள். இதற்காகவே திருச்சிக்குப் போய், காட்சிக்கு நிறுத்தியிருந்த பழைய என்ஜின் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்தேன். அதையும் பளபளவென்று கறுப்பும் சிவப்பும் வெள்ளியும் அடித்து நிறுத்தியிருந்தார்கள். அப்போதே எனக்குக் கோபம் வந்தது. இந்த ஊர்ப்பக்கத்தில் எந்த வண்டியிலும் அது வேலை செய்த சுவடே இருக்கக்கூடாது போலிருக்கிறது.

பூஜைக்கு முந்தின நாள் அப்பா சொன்னார், கையில் தொழில் செய்வதெல்லாம் சாமி முன்னால் இருக்க வேண்டும், என் என்ஜினும் இருக்கட்டும் என்று. சரி என்றேன். ஒரு பூ மட்டும் பக்கத்தில் வையுங்கள், சந்தனம் குங்குமம் எதுவும் வேண்டாம், யாரும் தொடவேண்டாம் என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். "தொடமாட்டமுங்க என்ஜினீயர் சார்" என்று சித்தப்பா சிரித்தார். மறுநாள் காலையில், என்ஜினை வைத்து எடுத்துப்போகச் சொல்லிவைத்திருந்த கண்ணாடிப் பெட்டியை வாங்க சேலம் போனேன்.

பட்டறைகளில் ஆயுத பூஜை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்ல வேண்டும். காலையிலிருந்து கழுவுவார்கள். கம்ப்ரஸர், வெல்டிங் மெஷின், ஸ்பேனர், சுத்தியல், தண்ணீர் டிரம் வரைக்கும். கழுவிப் போகாத கறைக்குப் பெயிண்டைக் கரைக்கும் தின்னர். தின்னருக்கும் போகாததற்கு மேலே பெயிண்ட். அழுக்கோடு ஒரு பொருள் சாமி முன்னால் நிற்பது சித்தப்பாவுக்குத் தாங்காது. வருஷா வருஷம் பட்டறை கேட்டுக்கும் சேர்த்து ஒரு கோட் அடித்துவிடுவார்.

நான் திரும்பி வந்தபோது விளக்கேற்றியிருந்தார்கள். வரிசையாகக் கருவிகள், நடுவில் சிவப்பும் மஞ்சளுமாக ஏதோ ஒன்று. நான் அதைத் தாண்டி என் என்ஜினைத் தேடினேன். அதுதான் என் என்ஜின் என்று புரிந்தபோது கையில் இருந்த கண்ணாடிப் பெட்டியைக் கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை.

லாரிக்குப் போடும் தின்னர் பிளாஸ்டிக்கைக் கரைக்கும். துணியில் நனைத்து நன்றாகத் துடைத்திருக்கிறார்கள். துரு போயிற்று, உப்புக்கறை போயிற்று, ஆணித் தலைகள் எல்லாம் மழுங்கி ஒரு வழவழப்பாகப் போயின. டிரைவர் நிற்கும் கூண்டின் கூரை இளகி ஒரு பக்கம் தொங்கியது. தொங்கியது தெரிந்ததும் நிறுத்தினார்களா? இல்லை. லாரி டோருக்குப் பார்ப்பதுபோல் பள்ளங்களை அடைத்துப் பட்டி பார்த்திருந்தார்கள். அதன் மேல் சிவப்பு. சிவப்பின் மேல் மஞ்சள் பார்டர். முகப்பில் திருஷ்டிக்கு இரண்டு கண். பக்கவாட்டில் குலதெய்வத்தின் பெயர், பூவிட்ட எழுத்தில். பின்னால் கரியேற்றும் தொட்டியில் ‘ஒலி எழுப்பவும்’. முன்னும் பின்னுமாக நான்கு சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம்.

அப்பா முகமெல்லாம் சிரிப்பாக, "வா சாமி, உனக்காகத்தான் நிக்கறோம். நீயே பழத்து மேல ஏத்தோணும்" என்றார்.

யார் செய்தது என்று கேட்டேன். கேட்கவே வேண்டியதில்லை, சித்தப்பாவின் நகக்கண்ணில் சிவப்பு இருந்தது.

"ஒரே அழுக்கா கெடந்துச்சு சாமி. துருவு, கரி, உப்பு. அழுக்கு வண்டிக்கு எப்பிடிப் பூச போடறது? மத்தியானமே சோத்தக்கூடத் திங்காம உக்காந்து அடிச்சு உட்டேன்."

அது அழுக்கு இல்லை, நான் அடித்த பெயிண்ட் என்றேன்.

சித்தப்பா உண்மையாகவே குழம்பிப்போனார். "அழுக்க யாராச்சும் பெயிண்டா அடிப்பாங்களா?"

ராசிபுரத்து ஓனர் நாற்காலியில் இருந்தபடியே, "ஏனுங், நாலு வருசம் காலேஜுல அழுக்கடிக்கத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்றார். பெயிண்டர்கள் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை, ஆனால் பொரித் தட்டை என் பக்கம் நீட்டினாள். எதையாவது வாயில் போட்டால் கோபம் இறங்கிவிடும் என்பதுபோல.

எலுமிச்சம்பழங்களை எடுத்து ரோட்டில் வீசினேன். நான்காவது பழத்தை உருவியபோது முன்சக்கரம் அச்சோடு கழன்று என் கையில் வந்தது. அப்போதுதான் சிரிப்பு நின்றது. நல்ல நாளில் பழத்தை எறியலாமா என்று அப்பா அதட்டினார். அதுவரை அவர்களுக்குத் தெரிந்த தவறு அது ஒன்றுதான்.

நான் கத்தியதை எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒன்றை மட்டும் எழுதுகிறேன், இப்போதும் அதைத்தான் சொல்வேன். கல்யாண வீட்டிலும் கோயில் நோன்பியிலும் ‘எங்க ஊட்டுல படிச்சவன்’ என்று என்னை முன்னால் தள்ளி நிறுத்துவார்கள். படித்தவனிடம் ஒரு வார்த்தை கேட்பது மட்டும் கிடையாது. பாக்கெட்டில் போன் இருக்கிறது. தின்னர் போடலாமா என்று ஒரு கேள்வி. அவர்கள் கண்ணில் நான் அப்பாவுக்குப் பிறந்த ஒரு சர்டிபிகேட். பிரேம் போட்டு மாட்டத்தான், கலந்து பேச இல்லை.

குறித்த நாளில் பெங்களூர் போனேன். அந்தச் சிவப்பு என்ஜினைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து எடுத்துப் போனேன். வேறு எதை எடுத்துப் போவது? பஸ்ஸில் பக்கத்துச் சீட்டுக்காரர் அதை வெகுநேரம் ரசித்துவிட்டு, எந்தக் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று கேட்டார். மேஜை மேல் வைத்தபோது, மாதிரிகளைப் பார்க்க உட்கார்ந்திருந்த கம்பெனி அம்மையார் முகப்பில் இருந்த இரண்டு கண்ணையும் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். போனில் இருந்த பழைய படங்களைக் காட்டினேன். வேலை நன்றாக இருக்கிறது, ஆனால் எல்லோருக்கும் ஒரே விதிதான், இன்னொன்று செய்து முடித்தால் எழுதுங்கள் என்றார். எனக்கு அடுத்து உட்கார்ந்திருந்த பையன் ஒரு பாலத்தின் மாதிரி கொண்டுவந்திருந்தான். அதில் ஒவ்வொரு தூணின் அடியிலும் பாசி படிந்திருந்தது. வேலை அவனுக்குத்தான் போயிற்று என்று பிறகு மெயில் வந்தது.

வீட்டில் அதைச் சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். சித்தப்பா, "அந்த ரயிலு வந்த பொட்டி என்ன வெல?" என்றார்.

நான் விலை சொல்லவில்லை. மழைக்கு முன்னாலிருந்து பூஜை வரை என் கண்ணும் கையும் போனதை விட்டுவிட்டுப் பெட்டியின் விலையைக் கேட்கிறார் என்று எழுந்து போய்விட்டேன். அவர் என் தங்கைக்குப் போன் பண்ணி விலையைக் கேட்டு, அவள் மூலமாகவே ஆர்டரும் போட்டிருக்கிறார். தீபாவளிக்கு அவர் வீட்டில் யாருக்கும் புதுத்துணி எடுக்கவில்லை. கார்த்திகை பிறந்து ஒரு நாள் வெளிநாட்டுப் பார்சல் வந்தது. அதே என்ஜின், அதே பெட்டி. பிரித்து மேஜையில் வைத்தேன். நன்றி சொல்ல வாய் வரவில்லை, இப்போதும் வரவில்லை.

ஆபீஸுக்குப் பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறேன், சாவி என்னிடம். நான் உள்ளே இருக்கும்போது சித்தப்பா வாசலில் வந்து நிற்பார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. போன வாரம் பக்கவாட்டில் துரு அடிக்க ஆரம்பித்தேன். நின்று பார்த்தார். "இதுக்கும் அதே அழுக்குத்தானா?" என்றார். ஆமாம் என்றேன். பெருமூச்சு விட்டுவிட்டு நகர்ந்தார். அவருக்கு இன்னும் புரியவில்லை. புரியாமலேதான் பணத்தைக் கொடுத்திருக்கிறார், அபராதம் கட்டுவதுபோல. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அந்தச் சிவப்புப் பெயிண்டால் ஆன செலவை அப்பா ஒரு நாள் சாப்பிடும்போது வாய்க்கணக்காகவே கூட்டிச் சொன்னார்: புதுப் பெட்டி, அதற்குச் சுங்கவரி, கண்ணாடிப் பெட்டி, பெங்களூர் போக வர பஸ். கிடைக்காமல் போன வேலையின் ஒரு மாதச் சம்பளத்தைக்கூட அதில் சேர்க்கவில்லை. மொத்தம் இருபத்தோராயிரத்து அறுநூறு ரூபாய்.