ஒரு லயத்துக்கு ஒரே வயிறு

தலை நரைக்கும்வரை நான் குடல் புழுக்களோடுதான் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். பதுளையில் கல்யாண வீடுகளில் உறவினர்கள் என்னைப் 'பூச்சி டாக்டர்' என்று அறிமுகப்படுத்துவார்கள். உடனே பக்கத்தில் இருப்பவர் தன் சாப்பாட்டு இலையைச் சற்றே நகர்த்திக்கொள்வார். ஆராய்ச்சி என்றால் வெள்ளை அங்கி, வெளிநாட்டு மாநாடு என்று நினைக்கிறவர்கள், மூடிபோட்ட டப்பாக்களோடு தோட்டத் தொழிலாளர் வரிசையாகக் குடியிருக்கும் லயம் லயமாக ஏறி, "நாளைக்குக் காலையில கொஞ்சம் குடுங்க" என்று ஒருமுறை கேட்டுப் பார்க்கட்டும். மாநாடும் உண்டுதான். வெறுங்காலோடு மண்ணில் நிற்பவர்களைப் பற்றி, குளிரூட்டிய மண்டபத்தில், பளபளக்கும் சப்பாத்துப் போட்டுக்கொண்டு பேசுவோம்.

இலங்கை மலையகத்தில், ஹல்துமுல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் நடந்தது இது. அந்தத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரைக்கு எங்கள் ஆய்வின் மேல் ஒரே ஒரு ஆசைதான்: 'இங்கே புழு இல்லை' என்று முடிவு வரவேண்டும். வந்துவிட்டால் தொழிலாளருக்குக் கொடுக்கும் பூச்சி மருந்தை நிறுத்திவிடலாம். அவர் ஆசைப்பட்டபடியே வந்தது. மேல் லயத்தில் ஒருவருக்குக்கூடப் புழு இல்லை. துரை பட்டர் கேக் வெட்டினார். எங்கள் ஆய்வுத் தலைவர் இரண்டு துண்டு சாப்பிட்டுவிட்டு, அறிக்கையை அன்றைக்கே அனுப்பிவைத்தார்.

எனக்குத்தான் கேக் இறங்கவில்லை. அந்த லயத்தில் கொழுந்து பறிக்கும் இளம்பெண் ஒருத்தி மலையேறும்போது பாதி வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்குவாள். கீழ் இமையை இழுத்துப் பார்த்தால் சொட்டு ரத்தம் இல்லை, ஒரே வெள்ளை. கொழுந்து குறைகிறது என்று அவளுக்கு அரைப் பேர்தான், அதாவது அரை நாள் சம்பளம்தான் போட்டார்கள். "சோம்பேறி. இந்த மாசம் முடிஞ்சதும் வேலையே இல்லை" என்று துரை எச்சரித்தும் விட்டார். அவளுக்கும் புழு இல்லை என்கிறது எங்கள் முடிவு. இன்னொன்றும் உறுத்தியது. எல்லா டப்பாவிலும் இருந்த மலத்தில் ஒரே மாதிரி சோளத் தோல். லயம் முழுக்க ஒரே நாளில் சோளம் தின்றிருக்கலாம். ஒரே மாதிரியா மென்றிருப்பார்கள்?

அவளிடமே போய்க் கேட்டேன்.

"எனக்கு அன்னைக்கு வரலீங்க. பக்கத்து வீட்டு அக்கா குடுத்தாங்க."

"மத்தவங்களுக்கு?"

"அவங்களுக்கும் அக்காதாங்க. நிறுவைக்குக் கொழுந்து பத்தலன்னா ஆளுக்கு ஒரு கை அள்ளிப் போடுவோம்ல, அது மாதிரித்தான். அவ்வளவு தூரம் ஏறி வந்தீங்க, வெறும் டப்பாவோடயா அனுப்புறது?"

அந்த அக்கா அண்மையில்தான் வெளிநாட்டு வீட்டு வேலையிலிருந்து திரும்பியவர். அங்கே கொடுத்த மருந்தில் அவர் வயிறு துப்புரவாக இருந்தது. அந்த ஒரு வயிற்றை வைத்து லயமே பரீட்சையில் பாஸ் பண்ணியிருந்தது! சிரித்துச் சிரித்து எனக்கு வயிறு வலித்தது. அவள் இமை நினைவுக்கு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

அவளுடையதை மட்டும் வாங்கி வந்து நுண்ணோக்கியில் வைத்தேன். ரத்தத்தை உறிஞ்சும் கொக்கிப்புழுவின் முட்டைகள் தேர்த் திருவிழாக் கூட்டமாக நெருக்கியடித்தன. ஆய்வுத் தலைவரிடம் சொன்னேன். அனுப்பிய அறிக்கையைத் திருப்பி வாங்குவது நமக்கு அழகில்லை என்றார். துரையிடம் போனேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை.

"அந்தப் பொண்ணு வேற தோட்டத்துல இருந்து கல்யாணம் கட்டி வந்தது. அது அந்தத் தோட்டத்துப் புழு."

எங்கள் மலையகத் தமிழரிடம் தலைமுறை தலைமுறையாகக் கேட்ட 'நீ எந்த ஊர்?' என்ற கேள்வியை இப்போது புழுவிடமும் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதுளையிலிருந்து சுகாதார அதிகாரிகளைக் கூட்டிவந்து, அவர்கள் கண்முன்னே மறுபடி டப்பா கொடுப்பேன் என்றேன். துரை இறங்கிவந்தார், ஆனால் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துக்கொண்டு: மருந்து கொடுக்கலாம், வெளியே 'சத்து மாத்திரை' என்று பலகை வைக்கவேண்டும். பலகையை அவர் வைத்தார். என்ன மருந்து என்பதை நான் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். அவளுக்கு இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தேன்.

சில மாதம் கழித்துப் போனபோது கூடை நிறையக் கொழுந்தோடு எதிரே வந்தாள்.

"இப்ப எங்கயும் உக்காரலீங்க. முழுப் பேரு போடுறாங்க."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் மட்டும் சிரித்துக்கொண்டே கூடையைச் சரிசெய்தாள்.

"தொரை எல்லார்கிட்டயும் சொல்லிட்டுத் திரியிறாருங்க, அவரு போட்ட சத்தத்துலதான் எனக்குச் சோம்பேறித்தனம் விட்டுச்சாம்."