அந்த வீடியோவின் நடுவில் ஒரு வெட்டு

என் தம்பி எடுத்த வீடியோவில் என் வீடு ஒரு தீப்பெட்டி அளவுதான் தெரிகிறது. வயல்வெளிக்கு அங்கால், இரண்டு தென்னைகளுக்கு நடுவில். கறுத்த மேகத்திலிருந்து ஒரு வால் இறங்குகிறது, வளைகிறது, நிலத்தைத் தொடுகிறது. பிறகு அந்தத் தீப்பெட்டியின் மூடி கழன்று பறக்கிறது. மூடி என்றால் என் வீட்டுக் கூரைத் தகரம். அதைப் பார்த்துவிட்டு, 'அருமை, வாழ்க்கையில் ஒருக்காத்தான் இப்படி அமையும்' என்று எங்கெங்கோ இருக்கிற சனம் எழுதியிருக்கிறது. அமைந்ததாம்!

தம்பி துணுக்காயில் போன் திருத்துகிற கடையொன்றில் வேலை செய்கிறான். கல்யாணம் கட்டி, ஒரு பிள்ளைக்குத் தகப்பன். ஆனால் அவனுக்கு வானிலை விசர். வங்காள விரிகுடாவில் சின்னதாய் ஒரு தாழமுக்கம் என்றால் போதும், சோறு தண்ணீர் தேவையில்லை. அவனைப்போல விசர் பிடித்த பத்து இருபது பேர் சேர்ந்து வட்ஸ்அப்பில் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். மழைப் படம், காற்றுப் படம், செய்மதிப் படம் என்று நாள் முழுக்க அதிலேயே கிடப்பார்கள். வருகிற புயல் திசைமாறிக் கடலோடு போனால் அந்தக் குழுவில் செத்தவீடு. 'ஏமாத்திப்போட்டுது' என்று எழுதுவார்கள். நாங்கள் தப்பினோம் என்று பெருமூச்சு விடுகிற அதே நேரத்தில்.

சும்மா சொல்லக்கூடாது, அவன் சொன்னால் பெரும்பாலும் சரியாக இருக்கும். பசளை எறிவதா, நெல் காயப்போடுவதா என்று எங்கள் ஒழுங்கையில் ஒருவரும் வானொலியைக் கேட்பதில்லை. அவனைத்தான் கேட்போம். அந்தப் புயலுக்கும் கேட்டோம்.

"மையம் எங்களுக்குக் கிட்டவும் வராது அக்கா. கரையோட போயிடும். பயப்பிடாதேங்கோ" என்றான்.

என் கணவருக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. கடைசி யுத்தத்தில் போனது. பொய்க்கால் போட்டுக்கொண்டுதான் வயல் செய்கிறார். மாரி காலத்தில் ஈரம் பட்டு, அது பொருந்துகிற இடம் புண்ணாகிவிடும். அந்த நாட்களில் காலைக் கழற்றிச் சுவரோடு சாத்திவிட்டுக் கட்டிலில் இருப்பார். புயலன்றைக்கும் அப்படித்தான் இருந்தார். விடியப் பாதுகாப்புக்குப் பள்ளிக்கூடத்துக்குப் போகச்சொல்லி ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள்.

"இப்பவே போவம். பிறகு அவசரத்தில என்னால ஓடேலாது" என்றார் அவர்.

"தம்பி சொல்லிப்போட்டான், மையம் வராதாம். நீங்கள் பேசாமல் இருங்கோ" என்றது நான்தான். புயல் என்றால் கூரைத் தகரத்தின் மேல் மண்மூட்டை ஏற்றிவைப்பது எங்கள் வழக்கம். அந்த முறை அதையும் ஏற்றவில்லை. என் பங்குப் பிழையை நான் மறைக்கவில்லை.

பின்னேரம் மூன்று மணி இருக்கும். மழை சட்டென்று விட்டது. காற்றும் படுத்தது. கொட்டிலில் கோழிகள் ஒரு சத்தமும் போடவில்லை. முற்றத்தில் இறங்கிப் பார்த்தால், தென்கிழக்கில் வானம் அடிபட்டுக் கண்டிப்போன தோல் மாதிரி, கறுப்பும் பச்சையுமாய்க் கிடந்தது. எனக்கு மனம் சரியில்லை. தம்பிக்குப் போன் எடுத்தேன். இரண்டு தரம் மணி அடித்துக் கட்டாகியது. சிக்னல் இல்லையாக்கும் என்று நினைத்துத் திரும்ப எடுத்தேன். இந்த முறை மணியே அடிக்கவில்லை. தொடர்புகொள்ள முடியாது என்று ஒரு பெண்குரல் மூன்று மொழியிலும் மரியாதையாகச் சொன்னது.

அவள் ஆங்கிலத்தில் சொல்லி முடிக்கவில்லை, சத்தம் கேட்டது. நெல்லுக் குத்துகிற மில் ஒன்று எழும்பி எங்கள் வளவுக்குள் வருவதுபோல ஒரு சத்தம். உள்ளே ஓடி, அவரைக் கக்கத்தில் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் குசினியில் அடுப்பு வைக்கிற சீமெந்துத் தட்டுக்குக் கீழே தள்ளி, நானும் புகுந்தேன். கூரை ஆணிகள் படபடவென்று தெறித்தன. பிறகு குசினிக்குள் வெளிச்சம் வந்தது. அண்ணாந்து பார்த்தேன், வானம். அறைச் சுவர் அப்படியே உள்பக்கமாகக் கட்டிலின் மேல் விழுந்தது. அவர் அரை நிமிடத்துக்கு முன்பு படுத்திருந்த கட்டில்.

எல்லாம் முடிந்த பிறகு கல்லைக் கிளறினேன். பொய்க்கால் மூன்று துண்டு. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "முந்திப் போனது ஷெல்லுக்கு. இப்ப போனது காத்துக்கு. நல்லகாலம், ரெண்டும் ஒரே கால்" என்றார். அவர் சிரிக்க நான் குழறி அழுதேன். என்ன மனிசனோ!

அடுத்த நாள் காலையில் மூன்று மோட்டார் சைக்கிளில் தம்பியின் குழு வந்து இறங்கியது. உதவிக்கு வந்திருக்கிறார்கள் என்று நினைத்துத் தேத்தண்ணீர் வைக்கப் போனேன். நான் ஒரு விசரி.

"அக்கா, தகரங்களை இப்ப எடுக்காதேங்கோ. கிடந்த மாதிரியே கிடக்கட்டும். படம் எடுக்கவேணும்" என்றான் ஒருவன்.

தகரங்கள் நாலு திசைக்கும் விழுந்திருந்ததில் அவர்களுக்கு அப்படியொரு சந்தோசம். நேர்காற்று என்றால் எல்லாம் ஒரே பக்கம் விழுமாம். இது சுழன்று அடித்ததற்குச் சாட்சியாம். எங்கள் பத்திரிகைகள் மினி சூறாவளி என்று எழுதுவதை அவர்கள் டொர்னாடோ என்றார்கள். புயலின் மையத்தில் இது பிறக்காதாம், தூரத்தில் சுற்றிக்கொண்டிருக்கிற மழைப்பட்டையில்தான் பிறக்குமாம். பள்ளிக்கூடப் பிள்ளைக்குப் படிப்பிக்கிறது போல எனக்கு விளங்கப்படுத்தினார்கள். நான் தம்பியைப் பார்த்தேன். அவன் நிலத்தைப் பார்த்தான். தெரிந்திருக்கிறது அவனுக்கு! மையம் வராது என்று சொன்னவனுக்கு, மையம் வராத இடத்தில் என்ன வரும் என்பதும் தெரிந்திருக்கிறது.

அப்போது கண்ணாடி போட்ட ஒருவன் சொன்னான்: "நீங்கள் குடுத்துவைச்சனீங்கள் அக்கா. நாங்கள் இதைக் கண்ணால காண எத்தனை வருசமாக் காத்திருக்கிறம். நீங்கள் உள்ளுக்கே இருந்திருக்கிறீங்கள்."

கையில் முற்றம் கூட்டிக்கொண்டிருந்த தும்புத்தடி இருந்தது. "கோதாரி விழுவாங்களே, நிக்கிறீங்களோ போறீங்களோ!" என்று ஓங்கினேன். மூன்று மோட்டார் சைக்கிளும் ஒரே திசையில் போயின.

தம்பி மட்டும் நின்றான். அன்றைக்கும் அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் வந்து சுவர் கட்டினான், கூரை மரம் ஏற்றினான், தகரம் அடித்தான். வீடியோவைப் பற்றி ஒரு கதையும் கதைக்கவில்லை. நான் அதைப் பார்த்தது வேறு இடத்தில். வீட்டு அழிவுக்கு நட்டஈடு பதியப் போய், அரசாங்கக் கந்தோர் வாசலில் வரிசையில் நின்றபோது, பக்கத்தில் நின்ற பெண் நேரம் போகவில்லை என்று தன் போனைக் காட்டினாள். "இதைப் பாருங்கோவன், துணுக்காய்ப் பக்கமாம்."

என் தம்பியின் குரல். குளக்கட்டில் நின்று எடுத்திருக்கிறான். "வால் இறங்குது... இறங்குது... தொடு, தொடு, கொஞ்சம், இன்னும் கொஞ்சம்... தொடு!" பிள்ளை முதல் அடி எடுத்து வைக்கும்போது தகப்பன் கூப்பிடுவானே, அப்படி. நடுவில் ஓர் இடத்தில் படம் வெட்டுப்பட்டு, வால் இன்னும் நீண்ட இடத்திலிருந்து திரும்பத் தொடங்கியது. 'நல்ல இடத்தில் வெட்டிப்போட்டீங்களே' என்று யாரோ கீழே கவலைப்பட்டிருந்தார்கள். என் போனை எடுத்து, அன்றைக்கு நான் அவனுக்குக் கோல் எடுத்த நேரத்தைப் பார்த்தேன். அவன் வீடியோவுக்கு மேலே போட்டிருந்த நேரத்தைப் பார்த்தேன். இரண்டும் ஒன்று.

ஞாயிறு வந்தான். ஏணியில் நின்று கடைசித் தகரத்துக்கு ஆணி அடித்துக்கொண்டிருந்தான். கீழே நின்று கேட்டேன்.

"டேய், நான் போன் எடுக்கேக்கை வெட்டினனீயோ?"

சுத்தியல் நின்றது. "கோல் வந்தா வீடியோ நிண்டிடும் அக்கா. பிறகு எடுப்பம் எண்டு..."

"ரெண்டாம் தரம் எடுக்க ஏன் வேலை செய்யேல்லை?"

"ஃப்ளைட் மோட்டில போட்டனான்" என்றான். ஒரு கோலும் வராமல் போனைப் பூட்டிவைக்கிற முறையாம் அது.

"தொடு தொடு எண்டு கத்தினியே, அது எங்க தொடும் எண்டு நினைச்சனீ?"

"நிலத்தில தொட்டாத்தான் அக்கா டொர்னாடோ. இல்லாட்டி அது வெறும் மேகம். அங்கால வயல்தானே எண்டு நினைச்சன்."

"வயலுக்கு அங்கால ஆர் இருக்கினம்?"

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்கு இரக்கம் வரவில்லை. ஒரு நிமிடம் கிடைத்திருந்தால் என் மனிசன் காலை மாட்டியிருப்பார். கதிர் வருகிற நேரம் வயலில் இறங்க முடியாமல், ஊன்றுகோலோடு வரம்பில் நின்று அடுத்தவனுக்குக் கைகாட்டிக்கொண்டு நிற்கமாட்டார். புதுக்கால் செய்ய அளவு எடுத்திருக்கிறார்கள். எப்போது வரும் என்று சொல்லவில்லை.

"அழிச்சு விடுறன் அக்கா, இப்பவே" என்று போனை எடுத்தான்.

"அழிக்காதை. அந்த வெட்டுக்குள்ள என்ன நடந்தது எண்டு அதுக்குக் கீழ எழுது. எழுதிப்போட்டு என்ர வளவுக்கு வா."

வளவு வாசலுக்கு அவன் இன்னும் ஞாயிறு தவறாமல் வருகிறான். அத்தானுக்கு மீனோ, பழமோ படலையில் கொழுவிவிட்டுப் போகிறான். எழுதவில்லை. அவன் குழுவில் முகம் கொடுக்க முடியாமல் போய்விடுமாம்.

அவன் எழுதாததை நான் எழுதுகிறேன். அந்த வெட்டுக்குள் நான் இருக்கிறேன். முற்றத்தில் நின்று, போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் எடுத்ததும் கேட்பதற்காக ஒன்றை வாய்க்குள் வைத்திருக்கிறேன்: "தம்பி, வானம் ஒருமாதிரிக் கிடக்கு. அத்தானைக் காலைப் போடச்சொல்லவோ?"