முடுக்கில் தோண்டிய குழி

கம்பம் டவுனுக்குள் காட்டு யானை இறங்கித் தெருத் தெருவாக ஓடிய வருஷம் அது. போடிக்கு மறுபடியும் ரயில் வந்ததும் அதே வருஷம்தான். எனக்கு எழுத்து வாசனை கிடையாது, அதனால் வருஷங்களை இப்படித்தான் பிடித்து வைத்திருக்கிறேன். அந்த வருஷம் உத்தமபாளையம் சவரிமுத்து தன் ஜீப்பை விற்றுவிட்டுக் கரண்டில் ஓடும் காரை வாங்கினார். அவர் போய்விட்டார் என்ற செய்தி இந்தத் தை மாசம் எனக்குப் போனில் வந்தது. பேசியவர் அவருடைய தம்பி அந்தோணி. "கங்காணி" என்று கூப்பிட்டார். பிறகு, "அண்ணன் எந்திரிக்கல" என்றார்.

ஜீப் ஸ்டாண்டில் அவரை அறிந்தவர்களுக்கும், அவர் வண்டியில் ஏலக்காட்டுக்கு ஏறி இறங்கிய ஆத்தாமார்களுக்கும் இதைச் சொல்கிறேன். நான் சொல்லச் சொல்ல எழுதுகிறவள் என் பேத்தி.

விடியுமுன் வேலையாட்களைச் சேர்ப்பது நான். குமுளி வழியாக மலைக்கு ஏற்றி, பொழுது சாயும்போது இறக்குவது சவரிமுத்து. ஒருநாள் பேச்சியம்மாள் என்ற பெண், காட்டுப்பன்றிக்காக யாரோ திருட்டுத்தனமாகக் கரண்டு கொடுத்து வைத்திருந்த கம்பியில் கை வைத்துவிட்டாள். நாங்கள் ஓடிப்போய்ப் பார்க்கும்போது உயிர் இல்லை. அவளை ஜீப்பில் கிடத்தி இறக்கினோம். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் சவரிமுத்து வண்டியை மெல்லத் திருப்பி, "இந்தா, வந்துருச்சு ஆத்தா" என்று சொல்லிக்கொண்டே வந்தார். செத்தவளுக்குக் குலுங்கக்கூடாது என்று பார்த்தவர் அவர். அதற்கப்புறம் அவர் வீட்டில் ஒரு சுவிட்சு லூசாக இருந்தாலும் அதைச் சரிபண்ணாமல் வண்டி எடுக்கமாட்டார். "கரண்டு சத்தம் போடாது, கங்காணி. பாம்பாவது சீறும்" என்பார்.

அவர் மனைவி லூர்து. பிள்ளைகள் இல்லை. லூர்துக்குச் சிறுநீரகம் இரண்டும் கெட்டு டயாலிசிஸ் ஆரம்பித்தது. கையில் நரம்பு அடைத்து அடைத்து, கடைசியில் மதுரையில் நெஞ்சோரம் குழாய் வைத்தார்கள். அந்த டாக்டரிடமேதான் போகவேண்டும் என்றாகிவிட்டது. போய்த் திரும்புகையில் டீசல் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும். ஜீப்பில் வரும் வழியெல்லாம் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு வருவாள். வாழ்நாள் முழுக்க டீசலில் ஊறிய மனுஷன் அதற்காகத்தான் அந்தக் காரை வாங்கினார்.

காருக்கு வீட்டில் சார்ஜர் வைக்க வேண்டும். கம்பெனியிலிருந்து ஒரு தம்பி வந்தார். நானும் இருந்தேன்.

"ஐயா, ரெண்டு தினுசு இருக்கு. ஒண்ணு கையோட கொண்டுபோறது, வீட்டுப் பிளக்குலயே மாட்டிக்கலாம். மெதுவா ஏறும். இன்னொண்ணு செவுத்துல அடிக்கிறது. சீக்கிரம் ஏறும், கரண்டு ஆபீசுல லோடு கூட்டி வாங்கணும்."

"கரண்டு போயிப் போயி வர்ற ஊரு தம்பி இது. மதுரைக்குப் போயித் திரும்புனா வண்டி காலியாயிரும். பொழுது விடியுறதுக்குள்ள எது ரொப்பும்?" என்று கேட்டார் சவரிமுத்து.

கட்டிலில் படுத்திருந்த லூர்து அங்கிருந்தே கேட்டாள். "அந்த வயரு தரையிலயா கெடக்கும்? எனக்குக் காலத் தூக்கி வைக்க முடியல."

"செவுத்துல அடிக்கிறதுன்னா சுத்தி மேல மாட்டிக்கலாம்மா."

"அப்ப அதையே வாங்குங்க. தடுக்கி விழுந்தேன்னா இவுகதான் என்னையத் தூக்கணும். இவுகளே இப்ப நொண்டிக்கிட்டுத் திரியிறாக."

அப்படித்தான் சுவர்ப்பெட்டி என்று முடிவானது. அந்தத் தம்பி எழுந்து, "எர்த் எங்க இருக்கு?" என்று கேட்டார். வீட்டுக்கு வயரிங் செய்தவன் சவரிமுத்துவின் மருமகன் முறையுள்ள சேசுராஜ். வாசலில் இருக்கும் போர்வெல்லைப் பெருமையாகக் காட்டினான். பைப்பில் கம்பி அழகாகச் சுற்றியிருந்தது. கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுகிற எர்த், எங்கள் பக்கம் அதுதான். இரும்புப் பைப் பூமிக்குள் ஆழமாகப் போகும், அதில் ஒரு கம்பியைச் சுற்றிவிட்டால் வேலை முடிந்தது. கம்பெனித் தம்பி குனிந்து பைப்பை நகத்தால் தட்டிப் பார்த்தார். "இது பிளாஸ்டிக்குண்ணே" என்றார். முந்தின கோடையில் மோட்டாரைத் தூக்கியபோது துருப்பிடித்த இரும்புப் பைப்பை எடுத்துவிட்டுப் பிளாஸ்டிக் இறக்கியிருந்தார்கள். கம்பியைப் பழைய வழக்கப்படி அதே இடத்தில் திரும்பவும் சுற்றிவிட்டார்கள். அன்றைக்குத் தெருவில் பாதிப்பேர் அவரவர் போரைப் போய்ப் பார்த்தார்கள். எல்லாம் பிளாஸ்டிக்கில் சுற்றிய கம்பிதான்.

"அப்ப இம்புட்டு நாளு அந்தக் கம்பி எதுக்குத்தான்லே இருந்துச்சு?" என்று நான் சேசுராஜிடம் கேட்டேன்.

"அழகுக்கு" என்றார் சவரிமுத்து.

பெட்டியை மாட்டிப் பார்த்தார்கள். எர்த் இல்லாததால் சிவப்பு லைட் எரிந்தது, காரில் சார்ஜ் ஏறவில்லை. கம்பெனித் தம்பி, குழி தோண்டி எர்த் போட்டுவிட்டுக் கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போய்விட்டார். அவர் தெரு முனை திரும்பியதும் சேசுராஜ் பக்கத்தில் வந்தான்.

"மாமா, ஒரு துண்டு வயரு குடுங்க. உள்ளுக்குள்ள நியூட்ரலையும் எர்த்தையும் சேத்து விட்டுர்றேன். பொட்டி ஏமாந்துரும். இப்பவே பச்ச லைட்டு எரியும். ஊருல பூராப் பேரும் இப்படித்தான் ஓட்டுறாக."

"வெளிய லைன்ல நியூட்ரல் விட்டுப்போச்சுன்னா?"

"அது எப்பவாச்சும் நடக்குறது மாமா."

"எப்பவாச்சும் நடந்தா என்னாகும்? சொல்லு."

சேசுராஜ் தலையைச் சொறிந்தான். "காரு பாடி பூராக் கரண்டு நிக்கும்."

"அந்தக் கதவத் தொடப்போறது ஒங்க அத்தை. ஏலே, வயர மடிச்சு வையி" என்றார்.

குழி தோண்ட மண் வேண்டும். அவர் வீட்டுக்குள் ஒரு முழம் தோண்டினால் கரும்பாறை. முன்னால் சிமெண்ட் ரோடு, பின்னால் அடுத்தவர் சுவர். என் வீட்டில் போடலாமென்றால் சந்தில் கார் நுழையாது. மண் இருந்த ஒரே இடம், அவர் வீட்டுக்கும் தம்பி அந்தோணி வீட்டுக்கும் நடுவில் ஓடும் முடுக்கு. அவர்கள் அப்பா வெட்டிய கிணறு அங்கேதான் இருந்தது. கிணறு வற்றி, அதை மூடிய பிறகு அந்த ஒற்றையடிச் சந்து யாருக்கு என்று அண்ணன் தம்பிக்குள் பேச்சு முறிந்தது. ஒருவர் குளியலறை கட்டப் பார்த்தார், மற்றவர் படி கட்டப் பார்த்தார். யாரும் யாரையும் கட்டவிடவில்லை. கோர்ட்டுக்கும் போய்த் தீராமல் வந்தார்கள்.

நான்தான் தூது போனேன். அந்தோணி வாசலில் ஈஸிசேரில் இருந்தார்.

"குழி தோண்டுவாக, அதுக்கு ஒரு மூடி போடுவாக. நாளைக்கு 'எங்குழி இருக்கு, அப்ப எடம் எனக்கு'ம்பாக. எங்கண்ணன் புத்தி எனக்குத் தெரியாதா?"

"மதினிக்காகக் கேக்குறாக, அந்தோணி. ஒரு ஆளு நிக்கிற எடம்தான்."

"மதினிய நாளைக்கே எந்தோள்ல தூக்கிச் சுமக்குறேன். மண்ணு தரமாட்டேன். இத எங்க வேணாலும் போயிச் சொல்லு."

சுவருக்கு அந்தப் பக்கம் சவரிமுத்து கேட்டுக்கொண்டுதான் நின்றார். நான் திரும்பிப் போனதும் என்னைப் பேசவிடவில்லை. "அவன் சொல்றதும் சரிதான். அவன் எடத்துல இருந்தா நானும் தந்திருக்கமாட்டேன்" என்றார். அவரிடம் எனக்குப் பிடிக்காத ஒன்று உண்டென்றால் அந்த நியாயம்தான். மறுபடி போய்க் கேளுங்கள், காலில் விழுங்கள் என்றேன். கேட்கவில்லை.

வீட்டுப் பிளக்கில் மாட்டுகிற சார்ஜருக்கும் எர்த் வேண்டுமாம். அதனால் சார்ஜ் ரோட்டோர மிஷினில்தான் ஏறியது. டயாலிசிஸ் முடியும்வரை கையெழுத்துப் போடச் சொந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும் என்பார்கள், ஆகவே மதுரையில் வண்டியை எங்கும் கொண்டுபோக முடியாது. திரும்பி வரும்போது ஆண்டிபட்டிக் கணவாய் தாண்டி ஓரிடத்தில் நிறுத்தி ஏற்றுவார். ரத்தத்தைச் சுத்தம் பண்ணிய உடம்பு, துவைத்துப் பிழிந்த துணி மாதிரி இருக்கும். அவள் பின்சீட்டில் சாய்ந்து காத்திருப்பாள். நான் அநேகமாகக் கூடப் போவேன்.

அன்றைக்குச் சித்திரை வெயில். வழக்கமான இடத்தில் மிஷின் இருண்டு கிடந்தது. தேனிக்குப் பக்கத்தில் இன்னொன்று இருக்கிறது என்றார்கள். வண்டியில் மிச்சம் சொற்பமாக இருந்ததால் சவரிமுத்து ஏசியை அணைத்துவிட்டு ஊர்ந்தபடி ஓட்டினார். அங்கே போனால் எங்களுக்கு முன்னால் ஒரு கார் ஏறிக்கொண்டிருந்தது. வேப்ப மரத்தடியில் நிறுத்தினோம். நான் துண்டால் விசிறினேன்.

"வீட்டுக்குப் போயிரலாங்க" என்றாள்.

"இந்தா, இன்னும் கொஞ்ச நேரம்தான், லூர்து."

"நீங்க ரெண்டு பேரும் டீ குடிச்சிட்டு வாங்க. எம்மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருக்கீக."

எங்கள் முறை வந்து, பிளக்கை மாட்டி, மிஷின் ஓட ஆரம்பித்த பிறகு அவள் தலை சரிந்தது. சவரிமுத்து வண்டியைக் கிளப்பப் பார்த்தார். பிளக் காரோடு பூட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. அதைப் போனில் நிறுத்த வேண்டும். அவர் விரலில் வியர்வை, போன் கேட்கவில்லை. என்னிடம் நீட்டினார். எனக்கு அதில் என்ன தெரியும்? இரண்டு கையாலும் அந்தப் பிளக்கைப் பிடித்து இழுத்தார், மாட்டை இழுப்பது போல. வேறு காரிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து நிறுத்திக் கொடுத்தது. தேனி ஆஸ்பத்திரியில் வண்டிக்குள்ளேயே பார்த்துவிட்டு, இறக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அங்கேயிருந்து வீடுவரை அவர் மெதுவாகத்தான் ஓட்டினார். வேகத்தடை வரும்போதெல்லாம் வாய் அசைந்தது. என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை.

அடக்கத்தன்று அந்தோணி வந்தார். சொன்னபடியே மதினிக்குத் தோள் கொடுத்தார். கல்லறையில் மண் போட எல்லோரும் குனிந்தபோது அவர் மட்டும் கையில் மண்ணை வைத்துக்கொண்டு போடாமல் நின்றார். பாதிரியார் தோளைத் தொட்ட பிறகுதான் கை திறந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் சட்டையைக் கழற்றிவிட்டுக் கடப்பாரையோடு முடுக்கில் இறங்கினார். கிணறு மூடிய மண், பொலபொலவென்று வந்தது. சவரிமுத்து சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"இனி எதுக்குடா?"

"தெரியலண்ணே" என்று சொல்லிவிட்டு அந்தோணி குத்திக்கொண்டே இருந்தார். அண்ணே என்ற சொல்லை அவர் வாயில் நான் கேட்டுப் பல காலம் ஆகியிருந்தது. கரியும் உப்பும் போட்டுக் குழியை மூடினார்கள். சேசுராஜ் இணைப்புக் கொடுத்தான். பெட்டியில் பச்சை எரிந்தது. சவரிமுத்து அதைப் பார்த்தார், உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

கார் தூசி படிந்து நின்றது. பிறகு பள்ளிவாசல் தெரு பாத்திமாவை ஏற்றிக்கொண்டு மதுரைக்குப் போக ஆரம்பித்தார். டயாலிசிஸில் லூர்துக்கு அடுத்த கட்டில் பாத்திமாவுக்கு. இந்தத் தை மாசம்வரை அந்த அம்மாள் வழியில் எங்கும் காத்துக்கிடக்காமல் வீடு வந்து சேர்ந்தார்கள்.

ஒருமுறை கேட்கக்கூடாததைக் கேட்டேன். அன்றைக்கு அந்தத் துண்டு வயரைப் போட்டிருந்தால் லூர்து இருந்திருப்பாளா என்று. அவர் கோபப்படவில்லை. "இருந்திருப்பா. இல்ல, ஒருநாள் கதவத் தொட்டுப் போயிருப்பா. எனக்குத் தெரியாது, கங்காணி. தெரியாததோடதான் கெடக்கணும்" என்றார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இந்தப் பேச்சுத்தான். ஆறுதலாக இல்லை. ஆனாலும் அவர் தனக்காகக்கூட ஒரு பொய்யைச் சேர்த்து இணைப்புக் கொடுக்கவில்லை.

போன வாரம் அங்கே போனேன். காரை விற்றாகிவிட்டது. அந்தோணி முடுக்கில் குனிந்து, எர்த் குழிக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். குழி காய்ந்தால் எர்த் பிடிக்காது என்று அண்ணன் தினமும் ஊற்றுவாராம். "சார்ஜ் போட வண்டியே இல்லையே" என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை. அந்தக் கிணற்றுத் தண்ணீரைக் குடித்த வீடு அது. அப்பா ஞானமுத்து போனார். அம்மா செபஸ்தியம்மாள், அந்தோணியின் மனைவி ரோசம்மாள், லூர்து, இப்போது சவரிமுத்து. முடுக்கு முழுவதும் இனி வழக்கில்லாமல் ஒருவருக்கே சொந்தம். இருக்கிறவர் அந்தோணி மட்டும்தான்.