பத்து ஆட்டத்துக்குப் பதினாறு உருட்டு

என் மேசைமேல் ஒரு பித்தளைத் தாயக்கட்டை கிடக்கிறது. இதன் ஜோடி திருநெல்வேலியில், அண்ணன் மனைவியான என் மதினியிடம் இருக்கிறது. நான்கு முகங்களில் மூன்றில் ஒன்று, இரண்டு, மூன்று என்று புள்ளிகள் உண்டு. நான்காவது மொட்டை, அதாவது சுழி.

அந்த டிசம்பரில் விசா முத்திரைக்காக ஊருக்கு வந்தபோது என் முகமும் அந்த மொட்டை முகம் மாதிரிதான் இருந்தது. அமெரிக்காவில் கணிதத்தில் முனைவர் பட்ட ஆய்வு, நாலாவது வருடம். கோடைப் பயிற்சிக்காக நான்கு நிதி நிறுவனங்கள் நேர்காணலுக்கு அழைத்திருந்தன, மூன்றில் தோற்றிருந்தேன். பகடை, சீட்டு, நிகழ்தகவு என்று அவர்கள் கேட்டதெல்லாம் எனக்குத் தெரிந்ததுதான். ஆனால் விடை முழுசாகக் கையில் வரும்வரை வாயைத் திறக்கமாட்டேன். எதிரில் இருப்பவர் பொறுமையிழந்து அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். மிச்சம் ஒரே ஒரு நேர்காணல். அதுவும் போனால் அங்கே வேலை கிடைக்காது, பட்டம் வாங்கிய கையோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று மதினியிடம் அழுதேன்.

மதினிக்கு என் வயதுதான். பாளையங்கோட்டையில் ஒரு கண் ஆஸ்பத்திரியில், வருகிறவர்களைப் பலகை எழுத்துகளை வாசிக்கச் சொல்லும் வேலை. “ஏட்டி, எங்கிட்ட வாரவங்களும் ஒன்ன மாதிரிதான். தப்பாயிருமோன்னு வாயவே தொறக்க மாட்டாவ. பேசாம இருந்தா கண்ணு எந்த வரியில நிக்கின்னு நான் எப்படிக் கண்டுபிடிக்க? தெரிஞ்ச மட்டும் சொல்லு” என்றாள். அன்று சாயங்காலமே தாயக்கட்டையை எடுத்துவிட்டாள். ஆடும்போது மனதில் ஓடுவதையெல்லாம் நான் சத்தமாகச் சொல்ல வேண்டும். சும்மா இருந்தால் என் காய் ஒன்றை வெட்டிவிடுவாள். இப்படி ஒரு விதி எந்த ஊர்த் தாயத்திலும் கிடையாது. அண்ணன் எங்களைக் கடக்கும்போதெல்லாம் “ரெண்டுக்கும் கிறுக்கு புடிச்சிட்டு” என்பான். நேர்காணலுக்கு முந்தின அந்தப் பத்து நாளும் அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

தாயத்தில் ஒன்று, ஐந்து, ஆறு விழுந்தால் மறுபடி உருட்டலாம். இரண்டும் சுழி விழுந்தால் பன்னிரண்டு, அதற்கும் மறு உருட்டு உண்டு. ஒருவர் முறைக்குச் சராசரியாக எத்தனை உருட்டு வரும் என்று ஒருநாள் கேட்டேன். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, “பத்து ஆட்டத்துக்குப் பதினஞ்சு, பதினாறு வரும்” என்றாள். நான் சிரித்தேனே தவிர கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை.

நேர்காணல் ஒரு மாலையில், மடிக்கணினித் திரையில் நடந்தது. ஒரு பகடையை உருட்டி, விழுந்தது பிடிக்காவிட்டால் ஒருமுறை மறுபடி உருட்டலாம், சராசரி என்ன என்று நேர்காண்பவர் கேட்டார். வாய்விட்டே தொடங்கினேன்: சுழி, ஒன்று, இரண்டு, மூன்று. அவர் நிறுத்தி, “பகடையில் சுழி எங்கிருந்து வந்தது?” என்றார். எனக்குக் காதெல்லாம் சூடாகிவிட்டது. பழைய ஆளாக இருந்தால் மனசுக்குள்ளேயே நாலு முகத்துக்குக் கணக்குப் போட்டு, தப்பு விடையை நீட்டியிருப்பேன். பத்து நாளாக உருட்டிய தாயக்கட்டையையும் அதன் மறு உருட்டு விதியையும் பற்றிச் சொல்லிவிட்டு, ஆறு முகத்துக்குத் திருத்திச் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. உங்கள் விளையாட்டில் ஒருவர் முறைக்குச் சராசரி எத்தனை உருட்டு என்று கேட்டார்.

“பத்துக்குப் பதினைந்து, பதினாறு என்கிறாள் என் மதினி. பார்க்கலாம்” என்றேன். இரண்டு கட்டைகளும் பதினாறு விதமாக விழலாம். அதில் ஆறு மறு உருட்டு தரும், மீதிப் பத்தில் முறை முடிந்துவிடும். படிப்படியாகச் சொல்லிக்கொண்டே போனேன். விடை ஒன்று புள்ளி ஆறு. பத்துக்குச் சரியாகப் பதினாறு. உங்கள் மதினி என்ன வேலை பார்க்கிறார் என்று அவர் கேட்டார்.

இடம் கிடைத்தது. கிளம்பும்போது மதினி ஒரு கட்டையை என் பையில் போட்டாள். இப்போது ஞாயிறுதோறும் வீடியோவில் ஆடுகிறோம். அவள் அங்கே ஒன்றை உருட்ட, நான் இங்கே ஒன்றை உருட்ட, இரண்டையும் கூட்டிக் காய் நகர்த்துகிறோம். என் கட்டை விழும் இடம் கேமராவில் தெரியாது. “என்னட்டி விழுந்துச்சு? வாயத் தொறந்து சொல்லு” என்கிறாள். நான் சொல்லும் எண்ணை அப்படியே நம்பிக் காயை நகர்த்துகிறாள்.